அம்மாவின் காலுக்காக இறக்கிய ஜீப்

என் அண்ணன் பொய்யன். அவனுடைய ஜீப்பின் பின் கண்ணாடியில் 'அம்மாவின் ஆசி' என்று ஒட்டியிருக்கிறதே, அதுவும் பொய். அந்த வண்டியில் எங்கள் அம்மா ஒரு நாளும் ஏறவில்லை. ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை.

கூடப் பிறந்த மூத்தவனை 'அவன்' என்று எழுதுவது தப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நாற்பத்தொரு வயது வரைக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவன் சொன்னான் என்பதற்காகத்தான் அந்த வண்டியின் உயரத்தைக் குறைத்து இறக்கினேன். இறக்கியது என் கைதான். அதனால்தான் எனக்கு இது ஆறவில்லை.

பதுளையில் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. என் வேலை வண்டிகளின் அடிப்பக்கம்: ஸ்பிரிங், ஷொக், புஷ். மலைநாட்டு ரோடுகள் இருக்கும்வரை இந்த வேலைக்குக் குறைவில்லை. அண்ணன் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனான். இப்போது அங்கே டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் வரவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்து வரிசை வீடுகளில், நாங்கள் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். வா என்று கூப்பிட்டால், "ஒங்க வீட்டுல யாருகூட சண்ட போடுறது?" என்பாள். பக்கத்துக் காம்பரா அக்காவுடன் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சண்டையாவது வேண்டும்.

கொழுந்து பறித்து அம்மாவின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. சமதரையில் மெதுவாக நடப்பாள். ஏறுவதுதான் முடியாது. வாசல்படி ஏறவே சுவரைப் பிடிப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை ஆசை என்று அவள் சொல்லமாட்டாள், பாதி கோபமாகத்தான் சொல்வாள்.

"தொரை ஜீப்பு வரும்போதெல்லாம் கான்ல எறங்கி எறங்கி நின்னே என் காலு போச்சு. ஒரு தடவயாவது ஜீப்புக்குள்ள உக்காந்து அந்த பங்களா கேட்டு முன்னால போகணும்டா. வேற ஒண்ணும் வேணாம்."

தொரை என்பது பங்களாவில் இருக்கும் தோட்டத்து மேனேஜர். கான் என்றால் ரோட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருப்பது. தோட்டத்து ரோடு ஒரு வண்டி அகலம்தான். வண்டி வந்தால் ஆள் கானில் இறங்கவேண்டும். அம்மா நாற்பது வருஷம் கூடையோடு இறங்கி நின்றாள். தண்ணீர் ஓடினாலும் நின்றாள்.

போன வருஷத்துக்கு முந்திய நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அண்ணன் அந்த ஜீப்பில் வந்தான். வெள்ளை நிறம். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. கம்பனி போட்ட சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குப் பளபளக்கும் பெரிய ரிம் போட்டிருந்தான். ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு மிதிபலகை இருக்கும், அதையும் கழற்றியிருந்தான். "எதுக்குண்ணே கழட்டுன?" என்றேன். "அசிங்கமா இருக்குடா" என்றான்.

ஆனால் அன்றைக்கு அந்த வண்டி லயத்து வாசல்வரை வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உயரமாக இருந்தது, எல்லாக் கானையும் தாண்டி ஏறி வந்தது.

அம்மா ஏறப் பார்த்தாள். லயமே வெளியில் நின்று பார்த்தது. கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பாதி உயரம்கூடப் போகவில்லை. மறுபடி தூக்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள்.

"அந்தத் துணி தோய்க்கிற கல்ல உருட்டி இங்க போடுங்கடா, ஏறிப்புடுறேன்" என்றாள்.

நான் கல்லை எடுக்கப் போனேன். அண்ணன் தடுத்தான்.

"கல்லு வழுக்கி விழுந்தீன்னா என்ன ஆகும்? வேணாம்மா. ஒனக்கு ஏத்த மாதிரி வண்டிய எறக்கிக் கொண்டாரேன். அடுத்த தடவ நீ நடந்து போற மாதிரி ஏறலாம்."

அந்த இடத்திலேயே கல்லைப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை. நான் கல்லைக் கீழே வைத்தேன்.

அம்மா அன்றைக்கு மாலைக்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "பெரியவன் எனக்காக வண்டியவே எறக்குறானாம்." பக்கத்துக் காம்பரா அக்கா, "ஒனக்காகவா? அப்ப பொரண்டு படுத்துக்கிட்டு ஏறுற மாதிரி எறக்கச் சொல்லு" என்றாள். அன்றைய சண்டை அதில் ஆரம்பித்தது.

ஜனவரியில் அண்ணன் போன் செய்து, வண்டியை இறக்கித் தரச் சொன்னான். நான் முடியாது என்றேன். காரணம் சொன்னேன். அவ்வளவு பெரிய சக்கரம் போட்ட வண்டியை இறக்கினால் டயர் மட்கார்டில் உரசும். குழியில் விழுந்தால் அடி இடிக்கும். இந்தப் பக்கத்து ரோட்டுக்கு அது வண்டியே இல்லை.

"அப்ப அம்மா எப்புடிடா ஏறும்?" என்றான்.

கொண்டு வா என்றேன்.

அளவு எடுக்க நான் தோட்டத்துக்குப் போனேன். அம்மா எவ்வளவு உயரம் கால் தூக்குவாள் என்று தெரியவேண்டும். டேப் கொண்டுபோக மறந்துவிட்டேன். அம்மா காம்பராவின் மூலையிலிருந்து மட்டக்கம்பை எடுத்துக் கொடுத்தாள். கொழுந்து பறிப்பவர்கள் செடியின் தலையில் கிடத்தி மேல்மட்டம் பார்க்கும் நீளக் கம்பு அது. வேலையை விட்டுப் பல வருஷமாகியும் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்.

கம்பைத் தரையில் நிறுத்திப் பிடித்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். வலி முகத்தில் தெரிந்தது. "போதும்மா" என்றேன். "இரு, இன்னும் கொஞ்சம் தூக்குறேன். இல்லாட்டி அவனுக்கு வேல கூடிப் போயிரும்" என்றாள். தூக்கினாள். பாதம் நின்ற இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டேன்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கொழுந்துக்கு மட்டம் பாத்தது பத்தாதா? இப்ப ஜீப்புக்கும் மட்டமா?"

"ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் அம்மா. "ஒன் மகன் சைக்கிளயாச்சும் எறக்குவானா?"

மூன்று நாள் வேலை. முன்பக்கம் வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளைத் தளர்த்தினேன். பின்பக்கம் ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் போட்டேன். ஷொக்கை மாற்றினேன். அடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பரைப் பாதி வெட்டினேன். சக்கரம் உரசாமல் இருக்க மட்கார்டின் உள்பக்கத்தைத் தட்டி வளைத்தேன். ஒவ்வொரு தடவை ஜாக்கியை இறக்கும்போதும் கம்பைக் கதவடியில் நிறுத்திப் பார்த்தேன். உதவிக்கு நிற்கும் ஆள் மாதிரி அந்தக் கம்புதான் என்னோடு கராஜில் நின்றது. வெட்டுக்கு மேலே நான்கு விரல், மூன்று விரல், இரண்டு விரல்.

இரண்டு விரலில் நிறுத்தலாமா என்று அண்ணனைக் கேட்டேன். அதற்குக் கீழே போனால் ஓட்டுவது ஆபத்து. அவன் கம்பைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளிக் குந்தியிருந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் வீடியோ எடுத்தான்.

"இன்னும் எறக்கு. இடவெளியே தெரியக் கூடாது" என்றான்.

நான் அதையும் அம்மாவுக்காக என்று நினைத்தேன். மடையன் நான். மிதிபலகையைக் கழற்றியவன் அம்மா ஏறுவதைப் பற்றி யோசித்திருப்பானா? அந்த ஒரு கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. இறக்கினேன். கம்பின் வெட்டும் கதவடியும் ஒரே மட்டத்தில் வந்தன. கை கழுவக்கூட இல்லை, அம்மாவுக்குப் போன் போட்டேன். "சரியா வந்திருச்சும்மா. ஞாயித்துக் கெழம வர்றோம்." "ஞாயித்துக் கெழம எந்தச் சீல கட்டட்டும்?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் அந்த ஜீப்பில் போனோம். பெரிய ரோட்டில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. தோட்டத்து ரோட்டில் திரும்பினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ரோட்டில் லயத்துக்குப் போகும்வரை ரோட்டைக் குறுக்கே வெட்டியும் கான்கள் போகின்றன. மழைத் தண்ணீர் ரோட்டை அரிக்காமல் இருக்க அப்படி வெட்டுவார்கள். எங்கள் அப்பா இருந்தவரைக்கும் அந்தக் கான்களை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். சின்ன வயதில் ஒவ்வொரு கானையும் எண்ணிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். ஏழு கான். அம்மாவின் கால் உயரத்தை அளந்தேன். கதவடியை அளந்தேன். ரோட்டை அளக்கவில்லை. அம்மா ஏறும்படி இறக்கிய வண்டி அம்மாவிடம் ஏறிப் போகாது. பதினெட்டு வருஷம் இதே தொழில் செய்கிறவன், எனக்கு இது தெரியவில்லை.

முதல் கானைச் சாய்த்துச் சாய்த்துத் தாண்டினான். இரண்டாவதில் உரசியது. மூன்றாவதில் அடி கல்லில் உட்கார்ந்தது. இரும்பு கிழிகிற சத்தம் கேட்டது.

அண்ணன் இறங்கி, சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தான். அம்மாவின் முழங்காலை ஒரு நாளும் அவன் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. ரோட்டில் போனவர்கள் கூடினார்கள். வண்டியைத் தூக்கிப் பின்னுக்குத் தள்ளினோம்.

"பலகை கொண்டாந்து கான் மேல போடுவோம்ண்ணே. அஞ்சு கான்தான் மிச்சம்."

"வேணாம். இன்னொரு தடவ இடிச்சா பம்பர் போயிரும்." மணியைப் பார்த்தான். "அம்மாவ இங்க வரச் சொல்லு."

"ஒரு மைல்ணே. அம்மா எப்புடி நடக்கும்?"

"நாலு பேர வச்சுத் தூக்கிட்டு வாங்கடா. சொகமில்லாதவங்கள அப்புடித்தானே கொண்டாருவீங்க?"

கொண்டாருவீங்க என்றான். அந்த லயத்தில் பிறக்காதவன் மாதிரி.

நான் ஓடினேன். அம்மா காலையிலிருந்து வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஊதாச் சேலை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். மடியில் ஒரு சின்னப் பொட்டலம், அண்ணனுக்குச் சுட்ட ரொட்டி. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. "அதுக்கென்ன, கீழ போயி ஏறுவோம்" என்றாள்.

நான்கு பேர் கதிரையோடு தூக்கினோம். நானும் ஒரு கால் பிடித்தேன். இறக்கத்தில் அம்மா இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மெல்லடா! திருவிழாவுல அந்தோனியார் சுரூபத்தத் தூக்குறப்ப மட்டும் மெல்லப் போறீங்க!"

"அந்தோனியாரு இவ்வளவு கனமில்ல ஆச்சி" என்றான் ஒருவன்.

"உசுரோட இருக்கும்போதே தூக்குறீங்களேடா பாவிகளா" என்று சிரித்தாள். பின்னால் அக்கா மட்டக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சரியா எறக்கியிருக்கானான்னு நானும் பாக்கணும்ல" என்றாள்.

மூன்றாவது கானுக்கு வந்தோம். ஜீப் இல்லை.

கல்லில் வெள்ளை வண்ணம் சுரண்டிய கோடு இருந்தது. டயர் தடம் பின்பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. நான் போன் செய்தேன். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"தம்பி, அவசரமா வர வேண்டியதாப் போச்சு. தியத்தலாவையில ஒரு ஷோ, ரெண்டு மணிக்குள்ள வண்டி கிரவுண்டுக்குள்ள நிக்கணும். அம்மாகிட்டச் சொல்லு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அழகுபடுத்திய வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டும் ஷோ. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. போகிற வழியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தான்.

"திரும்பி வருவானா?" என்றாள் அம்மா.

"வருவாரும்மா" என்றேன். நானும் பொய் சொன்னேன்.

அவள் ரோட்டோரத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா மட்டக்கம்பைக் கானோரத்தில் கிடத்தினாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கொழுந்து லொரி வந்தது. டிரைவர் ஹோர்ன் அடித்தான். நாங்கள் கதிரையோடு அவளை நகர்த்துவதற்குள் அம்மா எழுந்தாள். சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வலியோடு, ஒரு காலை முதலில், அடுத்த காலைப் பிறகு வைத்து, கானில் இறங்கி நின்றாள். லொரி போனது. ஊதாச் சேலையின் கரை சேற்றில் கிடந்தது. ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

அவளை மேலே ஏற்றிவிட நான் கை கொடுத்தேன். கான் ஆழமில்லை. மட்டக்கம்பில் போட்ட வெட்டின் உயரம்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு லயத்தில் யார் கேட்டாலும் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். "அவன் சொன்ன மாதிரி எறக்கிட்டான். ரோடுதான் சரியில்ல." அண்ணன் மேல் ஒரு குற்றமும் சொல்ல விடவில்லை. நான் கோபப்பட்டால், "ஒனக்கென்னடா, அவனுக்கு ஆயிரம் வேல" என்பாள். போன் அடித்தால் மட்டும், அவன் வந்துவிட்டானோ என்று ரோட்டுப் பக்கம் பார்ப்பாள்.

அந்த வருஷக் கடைசி மழையில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ஆட்டோவில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆட்டோ ஏழு கானையும் தாண்டி வாசலுக்கு வந்தது. அதில் ஏற அம்மாவுக்குக் கம்பும் வேண்டியிருக்கவில்லை, கல்லும் வேண்டியிருக்கவில்லை. பங்களா கேட்டைத் தாண்டும்போது நான் அவளைப் பார்த்தேன். கண் மூடியிருந்தாள். எழுப்பலாமா என்று நினைத்தேன், எழுப்பவில்லை. நான்காம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு அண்ணன் வாடகை வேனில் வந்தான். ஜீப் அந்த ரோட்டில் ஏறாது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பண்டாரவளையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு கூட்டாளியும் இருந்தார். பேச்சுவாக்கில் கேட்டார். "ஒங்கண்ணன் ஜீப்ப கடைசியா யாரு எறக்கிக் குடுத்தது? நத்தாருக்கு முந்தி எங்கிட்டத்தான் கொண்டாந்தாரு. ஷோவுக்கு வேணும்னாரு. இந்தச் சக்கரத்தோட எறக்குனா ஆள் சாவும்னு நான் மாட்டேன்னுட்டேன்."

நத்தாருக்கு முந்தி. அம்மா காலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முந்தியே. அதாவது கல்லைப் போடாதே என்று அவன் தடுத்தது அம்மா விழுந்துவிடுவாள் என்று அல்ல. யாரும் செய்ய மாட்டேன் என்ற வேலையை நான் செய்யவேண்டும். என் வாயை அடைக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அம்மாவின் முழங்கால் கிடைத்தது.

இதையும் நான் குடும்பத்துக்குள் விழுங்கியிருப்பேன். முப்பதாம் நாள் பூசையன்று அவன் பேஸ்புக்கில் அந்த ஜீப்பின் படத்தைப் போட்டான். பின் கண்ணாடியில் புதிதாக ஒட்டிய 'அம்மாவின் ஆசி'. மேலே எழுதியிருந்தான்: 'என் தாய் சிரமமில்லாமல் ஏறவேண்டும் என்று தாழ்த்திய வண்டி. இன்று அவள் உட்கார்ந்த ஆசனம் வெறுமையாக இருக்கிறது.' கீழே ஊரெல்லாம் அழுகிறது. உங்களைப் போல ஒரு மகன் வேண்டும் என்று யாரோ ஒரு தாய் எழுதியிருக்கிறாள்.

அவள் உட்கார்ந்த ஆசனம் பிளாஸ்டிக் கதிரை. அது இன்னும் லயத்து வாசலில் கிடக்கிறது. மட்டக்கம்பு என் கராஜில் இருக்கிறது. வேறு வண்டி இறக்கக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அண்ணே, இனி உன்னிடம் நேராகவே கேட்கிறேன். போனில் வேண்டாம், வீட்டுக்குள் வேண்டாம். ஊரறியப் பொய் சொன்னாய், ஊரறியப் பதில் சொல். வருகிற ஜூனில் தோட்டத்து அந்தோனியார் கோயில் திருவிழா. பூசை முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மைக் கொடுப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் நீ பேசுகிறாய். இந்த வருஷமும் வா. முதலில் நான் பேசுகிறேன். வண்டியை இறக்கியது நான், 'வருவார்' என்று அம்மாவிடம் பொய் சொன்னதும் நான் என்று சொல்லிவிட்டு மைக்கை உன் கையில் தருகிறேன். என்னோடு கதிரை தூக்கிய மூன்று பேரும் முன்வரிசையில் இருப்பார்கள். அக்காவும் இருப்பாள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்: எங்கள் அம்மா உன் வண்டியில் எந்த நாள் ஏறினாள்?